கேட்டது நீங்கள், தூக்கியது அவர்கள்

இந்த வாரம் முழுக்கப் பளுதூக்கும் கேள்விகள். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் என்னையே தலைக்கு மேல் தூக்கக்கூடியவர்கள், எதற்கு வம்பு?

கே: ஜிம்முக்குப் போகிற எல்லோரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே நட்புக்கு ஏது நேரம்? (தாம்பரம்)

ப: நீங்கள் எட்டிப் பார்த்தது உடம்பு வளர்க்கும் ஜிம். பளுதூக்கும் கூடம் வேறு ரகம். ஸ்நாட்ச் என்றால் தரையில் கிடக்கிற ராடை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. கிளீன் அண்ட் ஜெர்க் என்றால் முதலில் தோளுக்கு, பிறகு அங்கிருந்து தலைக்கு மேல். இழுத்து உட்காருவதெல்லாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். கண்ணாடியில் என்னத்தைப் பார்ப்பது? என்ன தப்பு நடந்தது என்று தூக்கியவனுக்கே தெரியாது. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்தான் சொல்ல வேண்டும். "கை சீக்கிரமே மடங்கிடுச்சுடா", "ராடு உன்னை விட்டுத் தள்ளிப் போவுது பாரு". தன் தப்பு என்ன என்று கேட்க இன்னொருத்தன் வாயைப் பார்க்க வேண்டிய இடத்தில் நட்பு வராமல் என்ன செய்யும்?

கே: எங்கள் கூடத்தில் ஒரே ஒரு நல்ல ராடுதான் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர். இன்னொன்று வாங்கச் சொல்லி மாஸ்டரை நச்சரிக்கலாமா? (காட்பாடி)

ப: வேண்டாம். உங்கள் சிநேகமே அந்த ஒற்றை ராடில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆண்கள் ராடு 20 கிலோ. இரண்டு பக்கமும் ஒரு சிவப்பு பிளேட் போட்டால் 70. சின்னவன் அதில் தூக்குகிறான். அடுத்தவனுக்கு 100 வேண்டும் என்றால் சிவப்புக்கு வெளியே ஆளுக்கொரு பக்கம் மஞ்சள் ஏறும். மூன்றாமவன் 110 கேட்டால் மஞ்சள் இறங்கி நீலம் ஏறும். மறுபடி சின்னவன் முறை, எல்லாம் இறங்கும். ஒருவன் தூக்கி முடிப்பதற்குள் மற்ற இருவரும் அடுத்தது யார், எவ்வளவு என்று கணக்குப் போட்டு, பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கேட்காமலே ஏற்றுவார்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் ராடு கவிழ்ந்துவிடும் என்பதால் இரண்டு பேரும் கண்ணைப் பார்த்து ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும்.

ஒரு முறை தூக்கியவனுக்கு அடுத்த முறை வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். மாமா பெண் கல்யாணம், அரியர் பேப்பர், ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எத்தனை இடம், கட்டை விரல் டேப் எந்தக் கடையில் மலிவு. வாழ்க்கையின் முக்கால்வாசி அந்த இரண்டு நிமிடங்களில் பேசி முடிக்கப்படுகிறது. ஆளுக்கொரு ராடு கொடுத்துப் பாருங்கள், அடுத்த வாரமே ஆளுக்கொரு ஹெட்போன் வந்துவிடும்.

கே: நண்பன் பெரிய எடை தூக்கும்போது பாதுகாப்புக்காகப் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளலாமா? (ஈரோடு)

ப: பெஞ்ச் பிரஸ் போடுகிறவனுக்குக் கையை நீட்டுங்கள். பளுதூக்குகிறவனுக்கு இடத்தைக் கொடுங்கள். முடியாவிட்டால் ராடைப் போட்டுவிட்டு விலகிக்கொள்ள அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் மேடை, அதற்காகத்தான் ரப்பர் பிளேட். நீங்கள் நடுவில் போனால் இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி. தள்ளி நின்று கத்துவதுதான் இங்கே நண்பனின் உத்தியோகம்.

கே: ஏன் தூக்கும்போது அப்படிக் கத்துகிறார்கள்? (மன்னார்குடி)

ப: தூக்குகிறவன் எங்கே கத்துகிறான், மூச்சையே அடக்கிக்கொண்டிருக்கிறான். கத்துவது மற்றவர்கள். அதிலும் ஒரு மரியாதை உண்டு. ராடைப் பிடிக்கிற வரை எல்லோரும் கப்சிப். தோளில் வாங்கி உட்கார்ந்து எழ முடியாமல் தவிக்கும்போதுதான் "எழுந்திரு! எழுந்திரு!" என்று கூரை பறக்கும்.

கே: வேலூர் சத்துவாச்சாரியில் அப்படி என்ன தண்ணீர் குடிக்கிறார்கள், தூக்கிக்கொண்டே இருக்கிறார்களே? (குடியாத்தம்)

ப: தண்ணீரா? தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். அந்தச் சொலவடையின் மிச்சம் பெண்களைப் பற்றியது, நான் சொல்ல மாட்டேன். அங்கே பெண்களும் பளுதூக்குகிறார்கள்.

அந்த ஊர் சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பட்டாளத்திலிருந்து வந்தவர், அவரும் பளுதூக்கியவர். வீட்டுக்குள்ளேயே ஒரு சீனியர் இருந்தால் பையனுக்கு வேறென்ன வேண்டும்? 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179, மொத்தம் 328. தங்கம். 2018 கோல்ட் கோஸ்டில் தொடைக் காயத்தோடு போய் 144, 173, மொத்தம் 317. மறுபடி தங்கம். இப்படி ஒருவர் தெருவில் நடந்துபோனால், பக்கத்து வீட்டுப் பையனுக்கு உலகம் ரொம்ப தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது. "அந்த அண்ணன் தூக்குறாரு, நாம தூக்க மாட்டோமா" என்பதுதான் விஷயம். தண்ணீர் இல்லை.

கே: என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன் இப்போது என்னைவிட 10 கிலோ கூடுதலாகத் தூக்குகிறான். பொறாமையாக இருக்கிறது. நட்பு போய்விடுமா? (திருச்சி)

ப: பொறாமை இருக்கட்டும், அவன் எந்த எடைப் பிரிவு? வேறு பிரிவு என்றால் கவலையே இல்லை, ஆயுளுக்கும் நண்பர்கள். ஒரே பிரிவு என்றால்தான் சோதனை.

மேலே சொன்ன கிளாஸ்கோவில் சதீஷுக்குப் பக்கத்தில் வெள்ளியோடு நின்றவர் ஒடிசாவின் ரவி குமார் கட்டுலு. ஒரே நாடு, ஒரே பிரிவு. ரவி அன்று தூக்கியது 317. நாலு வருடம் கழித்து சதீஷுக்குத் தங்கம் வாங்கித் தந்ததும் அதே 317. கிலோ மாறுவதில்லை, வருஷமும் எதிரில் யார் என்பதும்தான் மாறுகிறது. உங்கள் நண்பனிடம் இருக்கும் 10 கிலோவையும் அப்படிப் பாருங்கள். பார்க்க முடியவில்லை என்றால் அவன் எப்படித் தூக்குகிறான் என்றாவது பாருங்கள், 5 கிலோ உங்களுக்கும் ஏறும்.

கே: நண்பன் போட்டிக்காக எடையைக் குறைக்கிறான். அவன் முன்னால் பிரியாணி சாப்பிடலாமா? (ஆம்பூர்)

ப: ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதே குரூரம்.

போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு எடை பார்க்க ஆரம்பிப்பார்கள், ஒரு மணி நேரத்தில் மூடிவிடுவார்கள். அதற்குள் பிரிவின் எல்லைக்குக் கீழே வந்தாக வேண்டும். அரைக் கிலோ அதிகம் என்றால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மொட்டை வெயிலில் ஓடுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? கூடவே ஒருவன் தானும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடுவான். அவனுக்கு எடை குறைக்க வேண்டிய அவசியமே இருக்காது. நீங்கள் அந்த அளவுக்கு ஓட வேண்டாம், பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் வைத்திருங்கள். எடை பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் முதலில் உங்கள் பையைத்தான் பார்ப்பான். அப்போதும் பிரியாணி வேண்டாம், இட்லி, வாழைப்பழம். பிரியாணி மெடலுக்கு அப்புறம்.

கே: போட்டியாளர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதெல்லாம் கேமராவுக்காகத்தானே? (கோயம்புத்தூர்)

ப: சிலது அப்படித்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக், 64 கிலோ பிரிவு. துருக்கியின் நயிம் சுலைமானோக்லு, கிரீஸின் வலேரியோஸ் லியோனிடிஸ். அந்த ஜனவரியில்தான் இரண்டு நாடுகளும் ஏஜியன் கடலில் ஆளே இல்லாத பாறைத் தீவுக்காகப் போர்க் கப்பல்களை எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. நயிம் பல்கேரியாவில் பிறந்த துருக்கியர். அந்த அரசு அவர் பெயரையே மாற்றியது; 1986இல் மெல்போர்னுக்குப் போட்டிக்குப் போன இடத்தில் தப்பித்துத் துருக்கிக்கு வந்தார். லியோனிடிஸும் வந்தேறிதான், சோவியத் மண்ணில் பிறந்து கிரீஸுக்கு வந்தவர். அன்றைக்கு மேடையில் இவர் ஒரு உலக சாதனை, அவர் ஒரு உலக சாதனை. கடைசியில் லியோனிடிஸ் 190 கேட்டார், வரவில்லை. 335க்கு 332.5. நயிமுக்கு மூன்றாவது ஒலிம்பிக் தங்கம்.

2017 நவம்பரில் 50 வயதில் நயிம் இறந்துபோனார். இஸ்தான்புல்லுக்கு வந்து அந்தப் பெட்டியை முத்தமிட்டு அழுதவர் லியோனிடிஸ். இரண்டரைக் கிலோவில் தன் தங்கத்தைக் கொண்டுபோனவனுக்காக. இருபத்தொரு வருடம் யாரும் கேமராவுக்காக நடிக்க முடியாது சார்.

காரணம் இருக்கிறது. குத்துச்சண்டையில் எதிராளி உங்கள் மூக்கை உடைக்கிறார். கபடியில் காலை வாருகிறார். பளுதூக்குதலில் அவர் உங்களைத் தொடுவதே இல்லை. இரண்டு பேரும் வந்து மல்லுக்கட்டுவது ஒரே இரும்போடு. நயிமும் லியோனிடிஸும் அன்று தூக்கிய 187.5 கிலோ தோளில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அந்த அரங்கத்தில் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அதை வேறு யாரிடம் போய்ப் பேசுவது?

கே: அப்படியென்றால் எதிரி நாட்டுக்காரரோடு தாராளமாகக் கை குலுக்கலாம் என்கிறீர்களா? (காரைக்கால்)

ப: குலுக்கலாம், ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் யோசித்துக் குலுக்க வேண்டும். 2023இல் போலந்தில் மூத்தோர் உலகப் போட்டி. மேடையில் நின்ற ஈரானின் முஸ்தஃபா ரஜாயியும் இஸ்ரேலின் மக்சிம் ஸ்விர்ஸ்கியும் கை குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஈரான் சம்மேளனம் ரஜாயிக்கு வாழ்நாள் தடை போட்டது. நாட்டில் எந்த விளையாட்டுக் கூடத்துக்குள்ளும் அவர் நுழையக் கூடாது. அணித் தலைவரின் பதவி போயிற்று, மூத்தோர் கமிட்டியையே கலைத்தார்கள். அன்றைக்கு அவர் தூக்கியதிலேயே கனமானது அந்தக் கைதான்.

கே: பளுதூக்குகிறவர் அரசியலுக்கு வரலாமா? (மதுரை)

ப: வந்திருக்கிறார். பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டரில் நவ்ரு என்று ஒரு தீவு நாடு. காமன்வெல்த் தங்கங்களை அள்ளிய மார்கஸ் ஸ்டீபன் 2007 முதல் 2011 வரை அதன் அதிபர். நம்மூரில் தூக்குகிறவர்களுக்குச் சீட்டு கிடையாது, தூக்கிப் பிடிக்கிறவர்களுக்குத்தான்.

கே: என் பெண் பளுதூக்குதலுக்குப் போகிறேன் என்கிறாள். ஆம்பிளை மாதிரி ஆகிவிட மாட்டாளா? கூட்டாளிகள் எல்லாம் பையன்கள் வேறு. (தென்காசி)

ப: மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் தூக்கியபோது 49 கிலோ பிரிவு. 87, 115, மொத்தம் 202, வெள்ளி. உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் "யாரும்மா, டியூஷனுக்கு வந்தியா" என்று கேட்பீர்கள். அவ்வளவு சின்ன உருவம். கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னியில் வெண்கலம் வாங்கித்தான் இந்தியப் பெண்களுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பளுதூக்குதல் வந்ததே அந்த வருடம்தான்.

கூட்டாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். மீராபாயின் கிராமத்திலிருந்து இம்பால் பயிற்சிக் கூடம் இருபது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸுக்குக் காசு கிடையாது. மணல் லாரி ஓட்டுகிறவர்கள் ஏற்றிக்கொண்டு போய் விட்டார்கள், காசு வாங்காமல். டோக்கியோவிலிருந்து திரும்பியதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த டிரைவர்கள், கிளீனர்கள் 150 பேர் வரை தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆளுக்கொரு சட்டை, ஒரு மணிப்புரி சால்வை, சாப்பாடு. அவர்களும் ஆண்கள்தான் அம்மா. பெண்ணை அனுப்புங்கள்.

கே: போட்டி நாளில் பயிற்சி முடித்த நண்பர்களுக்கு என்ன வேலை? சும்மா கைதட்டத்தானா? (சேலம்)

ப: கைதட்டுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான நண்பன் பின்னறையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பான்.

இந்த விளையாட்டில் மேடை ராடில் எடை ஏறும், இறங்காது. குறைவாகக் கேட்டவர் முதலில் வருவார். ஒவ்வொருவருக்கும் ஸ்நாட்ச் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க் மூன்று. ஆகவே நம் ஆள் 120இல் ஆரம்பிக்கிறான் என்றால் அவனுக்கு முன்னால் மேடையில் எத்தனை முயற்சி நடக்கும் என்று எண்ண வேண்டும். அதற்கேற்ப உள்ளே 70, 90, 100 என்று ஏற்றிச் சூடாக்க வேண்டும். வெளியே மூன்று முயற்சி நடந்தால் உள்ளே ஒரு தூக்கு என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு.

இப்போதுதான் வேடிக்கை. ஒவ்வொரு முயற்சிக்கும் எடையை இரண்டு முறை மாற்றிக் கேட்கலாம். எதிர் கோச் திடீரென்று தன் ஆளின் எடையை ஏற்றிவிடுவார். ஐந்து நிமிடம் கழித்து வர வேண்டிய நம் பையன் அடுத்த நிமிடமே மேடை ஏற வேண்டும், பெயரைக் கூப்பிட்டு ராடு தயாரானால் அவனுக்கு 60 வினாடிதான். அல்லது தலைகீழாக நடக்கும்: முழுச் சூட்டில் இருப்பவன் காத்திருந்து ஆறிப்போவான். அப்போது மேலே ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டு, "இன்னும் நாலு பேர்டா, சும்மா ஒரு இழுப்பு இழு" என்று நிதானமாகச் சொல்ல ஒரு குரல் வேண்டும். உள்ளுக்குள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனுக்கே பதறும், முகத்தில் காட்டக் கூடாது. நம் பையனுக்குத் தேவையானது அடுத்த எண் மட்டும்தான். எதிராளி எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பதைக்கூட சில பேரிடம் சொல்லவே மாட்டார்கள். இப்படி ஒரு பொய்யை நேர்த்தியாகச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் பின்னறையில் பாஸ்.

கே: ஒரு கூட்டாளி "ஊசி போட்டுக்கோ, ஒண்ணும் தெரியாது" என்கிறான். (ஊர் பெயர் வேண்டாம்)

ப: தெரியும். 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளை எடுத்து வைத்து வருடங்கள் கழித்து மறுபடி சோதித்தார்கள். 2017இல் ஒன்பது நாடுகளுக்கு ஒரு வருடத் தடை. சீனாவும் ரஷ்யாவும் அதில் உண்டு. அவ்வளவு பெரிய நாடுகளுக்கே மறைக்கத் தெரியவில்லை, உங்கள் ஆளுக்குத் தெரியுமா? அவன் ஊசியைக் கையில் எடுத்த நாளிலிருந்து உங்களுக்குக் கூட்டாளி இல்லை, வியாபாரி.

கே: இது வெள்ளைக்காரன் விளையாட்டு. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (சிவகாசி)

ப: 1896 ஏதென்ஸில் ஒலிம்பிக்கில் நுழைந்தது என்னவோ உண்மை. ஆனால் உங்கள் பக்கத்து ஊர் மந்தையில் பாதி மண்ணுக்குள் ஒரு உருண்டைக் கல் கிடக்கும், பாருங்கள். இளவட்டக்கல். முழங்கால், தொடை, நெஞ்சு, தோள் என்று ஏற்றிப் பின்னால் போட வேண்டும். கிளீன் வரைக்கும் நம்மிடம் இருந்தது, ஜெர்க்தான் வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். வழவழவென்று பிடியே இல்லாத கல் அது. அதைத் தூக்கினவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பார்கள். இப்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுக்கிறார்கள், பெண் தானாக வருகிறது.

கே: ஜிம்மே இல்லாவிட்டால் என்ன செய்வது? (முல்லைத்தீவு)

ப: பிலிப்பைன்ஸின் ஹிடிலின் டியஸ் கொரோனா காலத்தில் மலேசியாவில் மாட்டிக்கொண்டார். மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் பெரிய தண்ணீர் பாட்டில்களைக் கட்டித் தூக்கினார். கூட இருந்தது சின்னப் பயிற்சிக் குழு ஒன்றுதான். அடுத்த வருடம் டோக்கியோவில் 55 கிலோ பிரிவில் 224. சீன வீராங்கனையை ஒரு கிலோவில் முந்தித் தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். மூங்கில் முல்லைத்தீவில் கிடைக்கும்தானே? பாட்டிலில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளை மட்டும் தேடிக்கொள்ளுங்கள்.

கே: வருடக்கணக்காக ஒரே கூடத்தில் பயிற்சி செய்கிறோம். ஒரு நண்பனுடைய ஊர், குடும்பம் எதுவும் எனக்குத் தெரியாது. இது நட்பா? (பெங்களூரு)

ப: அவன் ஸ்நாட்ச் எவ்வளவு? எந்தத் தோள் வலிக்கும்? முதல் முயற்சியில் தவறவிட்டால் ராடைப் பார்ப்பானா, கூரையைப் பார்ப்பானா? இதெல்லாம் தெரியுமென்றால் அவன் மாமனாரைவிட உங்களுக்கு அவனைப் பற்றி அதிகம் தெரியும். ஊரை மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கே: எனக்கு 52 வயது. இப்போது சேர்ந்தால் பையன்கள் சிரிப்பார்களா? (நாகர்கோவில்)

ப: முதல் வாரம் "அங்கிள்" என்பார்கள். முழங்காலை மடக்கி அடிவரை உட்கார்ந்து எழுந்துவிட்டால் "அண்ணே". மூத்தோர் போட்டிகளில் 35, 40, 45 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிவு உண்டு, உங்களுக்கும் ஒரு மேடை காத்திருக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெறும் ராடோடு ஆரம்பியுங்கள். ஆரம்பத்தில் உங்களுக்கு வேலை பிளேட் மாற்றுவதுதான். அதுவே பாதிப் பயிற்சி.

கே: ஜிம் நண்பனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். எல்லோரும் சேர்ந்து என்ன பரிசு கொடுக்கலாம்? (ராணிப்பேட்டை)

ப: 10 கிலோ பச்சை பிளேட் ஒரு ஜோடி. மொய்க் கவருக்குள் போகாது, பரவாயில்லை. ஜரிகைத் தாள் சுற்றி வரிசைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். பெண்ணின் தாய்மாமா அதைப் பழத்தட்டு என்று நினைத்து ஒற்றைக் கையால் நகர்த்த வரும்போது மட்டும் யாராவது ஒருத்தர் பக்கத்தில் நில்லுங்கள்.